காலையில் வெள்ளைப் புகை, ஐடிலில் குலுக்கல்: பம்பைக் கழற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. 4 சிலிண்டர், காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) இல்லாத பழைய டிஐ (டீசலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும்) எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிஸ் அடிக்கிறது (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை). வண்டியே குலுங்குகிறது, கண் எரிகிற வெள்ளைப் புகை வருகிறது. எஞ்சின் சூடானதும் புகை நின்றுவிடும். ஆனால் லோடு ஏற்றினால் மேட்டில் இழுவை இல்லை. இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பை இறக்கி காலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்வது) செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போது பம்பைத் தொடாதீர்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் பம்பை இறக்குவது வீண் செலவு. திரும்ப மாட்டும்போது டைமிங் (டீசல் தெளிக்க வேண்டிய நேரம்) தவறினால் இருக்கிற கோளாறோடு புதிதாக ஒன்றும் சேரும்.

கண் எரிகிற வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அப்படியே வெளியே வருகிறது. சூடானதும் நிற்கிறது என்பதால் சந்தேகம் முதலில் இரண்டின் மேல்தான்: ஒழுகும் நாசில் (இன்ஜெக்டரின் தெளிப்பு முனை), குறைந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது). புகையில் இனிப்பு வாடை அடித்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கதை வேறு; ஹெட் காஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு வரும் இரும்புப் பைப்பின் நட்டை, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அரைச் சுற்று தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 எம்எம் ஸ்பேனர் போதும். சத்தம் இறங்கி குலுக்கல் கூடினால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் மிஸ் அங்கேதான். நட்டின் மேல் துணி போட்டு மூடுங்கள். டீசல் சூடான மேனிஃபோல்டில் தெறித்தால் தீப்பிடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், விரலைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. காமன்ரெயில் வண்டியில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மிஸ் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வந்தால், லைனில் காற்று ஏறுகிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் சிறிய பம்ப்) வரையுள்ள ஓஸ், கிளிப், பேன்ஜோ வாஷர்களை (பைப் இணைப்பு போல்ட்டின் வாஷர்கள்) பாருங்கள். அந்தப் பகுதி உறிஞ்சும் பக்கம் என்பதால், டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகலாம். வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு, ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்ப் அடியுங்கள்.

மிஸ் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில்தான் என்று தெரிந்துவிட்டதா? அதன் இன்ஜெக்டரை நன்றாக ஓடும் சிலிண்டரின் இன்ஜெக்டரோடு மாற்றிப் போடுங்கள். சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தக்கூடிய வேலை இதுதான். கழற்றும் முன் சுற்றிலும் சுத்தம் செய்யுங்கள். திறந்த பைப் முனைகளை வேஸ்ட் துணியால் அடைக்காதீர்கள், நூல் போனாலே புது நாசிலும் கெடும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள். பலர் கோட்டைவிடுவது இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷரில். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, கம்பிக் கொக்கியால் எடுங்கள். அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் நாசில் முனை மேலே ஏறி, ஸ்ப்ரே பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. ஒவ்வொரு முறையும் புது வாஷர் ஒன்றே ஒன்று. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி படிந்திருந்தால் அந்த வாஷர் ஏற்கெனவே லீக் ஆகிறது.

மாற்றிப் போட்டதும் மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. டீசல் பம்ப் கடையில் டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாசில் திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக வைத்து 10 விநாடி பிடிக்கும்போது முனையில் சொட்டு விழக் கூடாது. தெளிப்பு எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி பனிபோல வர வேண்டும். நாசில் மாற்றினால் நான்கையும் ஒரே அழுத்தத்துக்கு செட் செய்ய வேண்டும்.

மிஸ் பழைய இடத்திலேயே நின்றால் டேப்பட் கிளியரன்ஸை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். அதன் பிறகு டீசல் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். பெட்ரோல் கேஜ் தாங்காது. நல்ல எஞ்சினில் பொதுவாக 25 முதல் 30 பார் வரும்; உங்கள் மாடலின் அளவுக்கு சர்வீஸ் மேனுவல்தான் முடிவு. ஒட்டியிருக்கும் இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தால் காஸ்கெட் நடுவில் போயிருக்கிறது. ஒன்றில் மட்டும் குறைந்து, பிரீதர் பைப்பில் (எஞ்சினுக்குள்ளிருந்து காற்று வெளியேறும் குழாய்) புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். புகை இல்லையென்றால் வால்வு.

இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் சரி என்று உறுதியான பிறகே பம்ப். பைப்புகள் வரிசையாக வெளியேறினால் அது இன்லைன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பாகம்) என்பதால் ஒன்று மட்டும் தேய்வது சாதாரணம். வட்டமாக வெளியேறினால் ரோட்டரி. அதில் ஒரே சிலிண்டர் மிஸ் ஆனால் டீசல் வெளியேறும் அந்த அவுட்லெட்டில் இருக்கும் டெலிவரி வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதுவானாலும் இறக்கும் முன் ஃபிளான்ஜிலும் எஞ்சின் பிளேட்டிலும் சேர்த்து ஒரே கோடாகக் குறி போட்டுக்கொள்ளுங்கள்; மாட்டிய பிறகு டைமிங்கை மேனுவல்படி சரிபார்க்கச் சொல்லுங்கள்.