சொந்தக் காணியில் ஏற்றிய பட்டத்துக்கு வழக்கா?

கேள்வி: எங்கள் வீடு பலாலி விமான நிலைய ஓடுபாதைக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 2 கிலோமீட்டரில் இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்து, இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்து குடியிருக்கிறோம். பதினைந்து வயது மகன் ஆறடிப் பட்டம் கட்டி, காற்றில் ஒலிக்கும் விண் பூட்டி, லைட்டும் போட்டு, இரவு முழுக்க நிற்கும் இராக்கொடியாகப் பனையில் கட்டிவிட்டுப் படுத்துவிட்டான். விடியப் பொலிஸார் வந்து பட்டத்தை அறுத்துக் கொண்டுபோனார்கள். வாக்குமூலத்துக்கு அவனைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். எங்கள் காணிக்குள் நின்று ஏற்றிய பட்டத்துக்கு வழக்குப் போட முடியுமா?
- வாசகர், வலிகாமம் வடக்கு

பதில்: ஐயா, முடியும். 'என்ர காணி, என்ர வானம்' என்ற வாதத்தோடு நீங்கள் பொலிஸ் நிலையப் படி ஏறக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். இத்தனை வருசம் காத்திருந்து மிதித்த மண்ணில் யாரோ வந்து பிள்ளையின் பட்டத்தை அறுத்தால் நெஞ்சு பதைக்கும். அந்தக் காணி உங்களுடையதுதான், அதில் மறுபேச்சில்லை. எங்கள் ரோமன் டச்சுச் சட்டம் நிலத்துக்கு மேலுள்ள வெளியிலும் காணிக்காரருக்கு உரிமை தருகிறது. ஆனால் விமானச் சட்டங்கள் அந்த உரிமையைக் குறுக்கிவிட்டன. விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் பட்டம் ஏற்றத் தடை இருக்கிறது. முற்றமா வயலா என்று அது பார்ப்பதில்லை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு வீட்டளவு பட்டங்கள் ஏறுகின்றனவே என்று கேட்பீர்கள். அந்தக் கடற்கரை பலாலியின் வட்டத்துக்கு வெளியே கிடக்கிறது.

உங்கள் வீடு இருக்கும் திசைதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். மார்கழி, தை வாடைக்குப் பலாலியில் இறங்குவது தென்மேற்கால், ஊர்மனைக்கு மேலால் வரும். மகனின் பட்டமும் அதே வாடையில் அதே பக்கம் சரிந்துதான் நிற்கிறது. இறங்கும் விமானம் வழமையாக 3 பாகைச் சரிவில் வரும். ஓடுபாதைக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது அது நிலத்திலிருந்து 350 அடி அளவில்தான் இருக்கும். ஆறடிப் பட்டத்துக்கு அது ஒரு உயரமா?

விமானிக்குப் பட்டம் தெரிந்தாலும் நூல் தெரியாது. போன வருசம் எங்கள் முருங்கையில் சிக்கிய தங்கூசி என்ற நைலோன் நூலை வெறுங்கையால் இழுத்தேன். நூல் அறவில்லை, விரல்தான் அறுந்தது. அந்த நூல் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தின் சுழலியில் சுற்றினால், அல்லது இறக்கையின் அசையும் தட்டு பொருந்தும் இடுக்கில் போய் இறுகினால், விமானியின் கைப்பிடி திரும்ப மறுக்கும். அந்த உயரத்தில் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது. லைட்டுக்குக் கட்டிய பற்றரி கண்ணாடியில் அடிப்பது இன்னொரு ஆபத்து. பட்டம் ஏறி நிற்க ஏற்றியவன் நித்திரையில் இருந்தான் என்பதை எந்த நீதவானும் கவனிப்பார்.

தண்டனைச் சட்டக்கோவையின் 327ஆம் பிரிவு பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்கும் கவனயீனத்தைக் குற்றமாக்குகிறது. யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. உயிர் போனால் 298ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை. சேதம் நடந்திருந்தால் நட்டஈட்டு வழக்கும் வரும், அதற்குக் கால எல்லை 2 வருடம். தகப்பன் என்பதற்காக மட்டும் அதில் உங்களைப் பிடிக்க முடியாது. தெரிந்துகொண்டே விட்டீர்கள் என்றால் அது உங்களுடைய கவனயீனம். உங்கள் விசயத்தில் ஒன்றும் நடக்கவில்லை, கடவுள் புண்ணியம்.

மகனுக்கு 15 வயது என்பதால் சட்டத்தின் கண்ணில் அவன் சிறுவன். வழக்கு வந்தாலும் நீதவான் அதைச் சிறுவர் நீதிமன்றமாக அமர்ந்தே கேட்க வேண்டும். தண்டப்பணம் விதித்தால் பெற்றோரைக் கட்டச் சொல்லலாம். பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள். அவனைத் தனியே அனுப்ப வேண்டாம், நீங்கள் பக்கத்தில் இருங்கள், சட்டத்தரணி ஒருவரும் வரலாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பம். சிங்களத்தில் எழுதிவிட்டு 'சும்மா சைன் வையுங்கோ' என்றால் வைக்காதீர்கள், அது உங்கள் உரிமை. பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அவனுக்கு எதிராக நிற்காது. அதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. தடை தெரியாது, இனி ஏற்றமாட்டேன் என்பது உண்மையென்றால் அதையே சொல்லட்டும். தெரியாது என்பது விடுதலைக்கு உதவாது, தண்டனையைக் குறைக்க உதவும்.

அறுத்துக் கொண்டுபோன பட்டத்தின் மிச்ச நூல் பனையிலோ வயரிலோ தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் பொலிஸுக்குப் போக முதலே, இன்றைக்கே, ஆளை ஏற்றிக் கழற்றுங்கள். மின்கம்பியில் கிடந்தால் மட்டும் தொடாமல் மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.