பக்க எண்ணுக்குக் காசு கேட்கிறார்கள்

கேள்வி: ஆய்வேட்டை ஒருவரிடம் பணம் கொடுத்து வடிவமைத்து வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பத்தி சேர்த்ததும் 14 என்ற பக்க எண் பக்கத்தின் பாதியில் வந்து நிற்கிறது. சரிசெய்ய மறுபடி பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். வேர்டில் 'ஹோம்' பட்டையில் ¶ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தக் குறி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வந்து, கடைசியில் ஓர் எண் நிற்கும். என்டரைத் தட்டித் தட்டிக் கீழே போய் 13, 14, 15 என்று கையால் அடித்திருக்கிறார். முறையாகச் செய்தால் 'இன்சர்ட்' போய் 'பேஜ் நம்பர்' கொடுத்தால் போதும். பக்கத்தின் அடிப்பகுதியான ஃபூட்டரில் ஒரே ஒரு தடவை போடும் வேலை, மொத்த ஆவணமும் தானாக எண்ணிக்கொள்ளும். அந்தத் திரையை ¶ குறிகளோடு படமெடுத்து அனுப்பி, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், ஏமாற்றியது அவர்.

அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் கோப்பின் தொடக்கத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள். முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் வரும். பின்னால் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒன்று அதிகமானால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

கேள்வி: அட்டைப் பக்கத்தில் மட்டும் எண் வரக்கூடாது. அதற்கென்றே ஒரு கூடுதல் செயலி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஃபூட்டரில் இரண்டு முறை கிளிக் செய்து 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' என்பதில் டிக் போடுங்கள். அடுத்த பக்கம் 1 என்று தொடங்க வேண்டுமானால், எண்ணிக்கையை 0-இலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: காசு கொடுத்து ஓர் அறிக்கை டெம்ப்ளேட் (முன்கூட்டியே வடிவமைத்த மாதிரிக் கோப்பு) வாங்கினேன். பக்கத்தின் மேற்பகுதியான ஹெடரில் விற்றவரின் பெயர் இருந்தது. அழித்தால் முதல் பக்கத்தில் மட்டும் போகிறது, மற்ற பக்கங்களில் அப்படியே இருக்கிறது. வைரஸாக இருக்குமோ?

பதில்: வைரஸ் இல்லை, விளம்பரம். வேர்டில் ஒரு செக்‌ஷனுக்கு, அதாவது ஆவணத்தின் ஒரு பகுதிக்கு, மூன்று ஹெடர் வரை வைக்கலாம்: முதல் பக்கத்துக்கு ஒன்று, ஒற்றைப் பக்கங்களுக்கு ஒன்று, இரட்டைப் பக்கங்களுக்கு ஒன்று. மூன்றிலும் தனித்தனியே அழிக்க வேண்டும். கோப்பில் பல செக்‌ஷன்கள் இருந்து முந்தையதன் ஹெடரையே தொடரவைக்கும் 'லிங்க் டு ப்ரீவியஸ்' அணைந்திருந்தால் ஒவ்வொன்றிலும் இதே வேலை. பக்கத்தின் பின்னணியில் மங்கலாகத் தெரியும் வாட்டர்மார்க்கும் ஹெடருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஹெடரைத் திறந்தால்தான் கையில் சிக்கும்.

டெம்ப்ளேட் விற்பவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. நான் வாங்கிய ஒன்றில் 'உங்கள் நிறுவனத்தின் பெயர்' என்று ஹெடரில் அழகாக எழுதியிருந்தது. தொட்டுப் பார்த்தால் மொத்த ஹெடரும் ஒரே படம். விற்றவரைக் கேட்டேன்; படத் திருத்தியில் திறந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அப்படியானால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன்? இன்னொன்று அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் அளவுத் தாளுக்குச் செய்தது, அதை ஏ4 என்று சொல்லி விற்றிருந்தார்கள். வேர்டின் ஹெடரில் எழுத்தை வலது ஓரத்தில் நிறுத்தும் டேப் வழக்கமாக 16.51 செ.மீ-இல் இருக்கும், அது லெட்டர் தாளின் கணக்கு. ஏ4 தாளில் இருபுறமும் 2.54 செ.மீ விட்டால் எழுத மிஞ்சுவது 15.92 தான். ஆகவே ஹெடரின் வலப்பக்கம் இருந்த தேதி ஓரத்தைத் தாண்டி அரை செ.மீ-க்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மாதிரிப் படத்தில் இதெல்லாம் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் வியாபாரம். வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஹெடரில் உள்ளது தட்டச்சு செய்யக்கூடிய எழுத்தா, தாள் என்ன அளவு, விற்பவரின் பெயர் எங்கெங்கே இருக்கிறது? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: புது பிரின்டரில் ஃபூட்டரின் கடைசி வரி பாதி வெட்டுப்படுகிறது. தாளை மிச்சம் பிடிக்க ஃபூட்டரை விளிம்பிலிருந்து 0.2 செ.மீ-இல் வைத்திருக்கிறேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. வீட்டுக்கு வாங்கும் பிரின்டர்களில் பெரும்பாலானவை தாளின் விளிம்பு வரை அடிக்காது, சில மில்லிமீட்டர் விட்டுத்தான் அடிக்கும். வேர்ட் தானாக வைப்பது ஏறக்குறைய 1.25 செ.மீ. நீங்கள் அதை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுபோய்விட்டுக் கருவியைக் குறை சொல்கிறீர்கள். பிரின்டரோடு வந்த கையேட்டில் அச்சாகும் பரப்பு எவ்வளவு என்று போட்டிருக்கும். பிரித்தாவது பார்த்தீர்களா?

கேள்வி: என் மின்நூலுக்கு ஹெடர், பக்க எண் போட்டுத் தரப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: அச்சுக்குப் போகும் பிடிஎஃப் என்றால் பேரம் பேசுங்கள். வழக்கமான இபப் (மின்நூல் வடிவம்) கோப்பு என்றால் சுத்த மோசடி. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினாலே அதில் பக்கம் மாறிவிடும். நீங்கள் போடும் ஹெடருக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி: அத்தியாயத்தின் பெயர் ஹெடரில் தானாக மாற வேண்டும் என்பதற்காகவே ஒரு மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். எவ்வளவு முயன்றும் பெயர் வரவில்லை.

பதில்: வேர்டைப் போன்ற லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இதை இலவசமாகவே செய்யும், சந்தா கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். வேர்டில் தலைப்பைத் தானாக எடுத்துக் காட்டும் 'ஸ்டைல்ரெஃப்' என்ற ஃபீல்டு இருக்கிறது. சரி, சந்தாவைத் திருப்பிக் கேட்கும் முன் உங்கள் கோப்பைப் பாருங்கள். அத்தியாயத் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுத்திருக்கிறீர்களா? எழுத்தைப் பெரிதாக்கி போல்டு மட்டும் செய்திருந்தால், அது தலைப்பு என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது.