ஐரிஷ் மூதாதையரைத் தேட பழைய உயில்கள்: கேள்வி பதில்

கேள்வி (நியூ ஜெர்சி): என் கணவரின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து நியூயார்க் வந்தவர். 1883-ல் எழுதிய அவர் உயில் கிடைத்தது. மனைவிக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பணம். சொந்த ஊர் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனி என்ன செய்வது?

பதில்: முதலில், உங்களிடம் இருப்பது உயில் மட்டும். கேஸ் கட்டு முழுவதையும் கேட்டு வாங்குங்கள். நியூயார்க்கில் உயிலை நிரூபிக்க சர்ரகேட் கோர்ட்டில் மனு போட வேண்டும். உயிலில் காசு கிடைக்காதவர்கள் உட்பட, சட்டப்படி வாரிசாகக்கூடிய எல்லோருடைய பெயரும் இருப்பிடமும் அந்த மனுவில் வரும்.

ஆனால் இவருக்குப் பிள்ளைகள் இருந்ததால் மனுவிலும் பெரும்பாலும் அவர்கள் பெயர்தான் இருக்கும். அதனால் பக்கவாட்டில் தேடுங்கள். கல்யாணமாகாத தங்கை, பிள்ளையில்லாத தம்பி என்று யாராவது இருந்தார்களா? பணக்கார வீட்டில் சமையல் வேலை பார்த்துத் தனியாக இறந்த ஒரு ஐரிஷ் அத்தையின் கட்டுதான் எனக்கு எப்போதும் பெரிய புதையல். அவருக்கு வாரிசு கூடப்பிறந்தவர்கள்தான். அவர்களில் பாதிப் பேர் அயர்லாந்தில் இருப்பார்கள். நோட்டீஸ் அனுப்ப விலாசம் வேண்டுமே? அங்கேதான் கவுண்டியும் (மாவட்டம் மாதிரி), சில சமயம் டவுன்லேண்டும் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) வந்து விழும். அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் டவுன்லேண்டுகள் உண்டு. அந்தப் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சொத்துப் பட்டியலில் எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க் பாஸ்புக் இருந்தால் விடாதீர்கள். 1850-ல் தொடங்கிய அந்த வங்கி, கணக்கு தொடங்குகிறவர்களிடம் பிறந்த ஊர், பெற்றோர் விவரம் கேட்டு எழுதி வைத்தது. அந்த ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

கேள்வி (டொராண்டோ): 1836-ல் கார்க்கில் இறந்த முன்னோரின் உயில் வேண்டும்.

பதில்: மூல உயில் இருக்காது. 1858-க்கு முன் கத்தோலிக்கர் உயிலையும் பிராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்து திருச்சபையின் நீதிமன்றங்கள்தான் நிரூபித்தன. அந்த உயில்கள் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தின் ஆவணக் காப்பகத்துக்கு வந்து, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் எரிந்தன. உங்கள் ஆண்டுக்கு ஒரு வழி உண்டு. வரித்துறைக்காக எடுத்த உயில் பதிவேடுகள் 1828 முதல் 1839 வரை தப்பியிருக்கின்றன. நிலம் வைத்திருந்தவர் என்றால் 1708-ல் தொடங்கிய பத்திரப் பதிவகத்தையும் பாருங்கள்.

கேள்வி (சிட்னி): 1880-ல் லிமெரிக்கில் இறந்தவரின் உயில் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்பு அதிகம். 1858-க்குப் பிறகு மாவட்டப் பதிவகங்கள் உயில்களைத் தனிப் புத்தகங்களில் படி எடுத்து வைத்தன, அவை தப்பின. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெல்ஃபாஸ்ட், அர்மா, லண்டன்டெரி என்றால் வட அயர்லாந்துக் காப்பகம்.

கேள்வி (துபாய்): 1922-ல் எல்லாம் எரிந்துவிட்டதாமே?

பதில்: எல்லாம் இல்லை. மேலே உள்ள இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் பாட்டனார் மெட்ராஸ் ராணுவத்தில் ஐரிஷ் சிப்பாய். டப்ளினில் தேடவா?

பதில்: வேண்டாம். சென்னையில் நிரூபித்த உயில்களின் நகல்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பாருங்கள்.

கேள்வி (லிவர்பூல்): 1890-ல் இறந்தவர் உயிலில் ஆன்மாவுக்குப் பூசை வைக்கப் பணம் எழுதவில்லை. கத்தோலிக்கர் இல்லையோ?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். பூசைக்கு எழுதும் பணம் இங்கிலாந்தில் அப்போது செல்லாது. 1919-ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்புக்குப் பிறகுதான் செல்லும் என்றானது. அதனால் பாதிரியார் பெயருக்கே பணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (லண்டன்): டிஎன்ஏ பரிசோதனை செய்யலாமா?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி (பாஸ்டன்): மூத்த மகனுக்கு ஒரு டாலர் மட்டும் எழுதியிருக்கிறார். அப்பா-மகன் சண்டை என்று எழுதிவிடலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். மூத்தவனுக்குப் பங்கை முன்பே கொடுத்திருக்கலாம். பிள்ளையின் பெயரே இல்லாவிட்டால் மறந்துவிட்டதாகக் கருதிப் பங்கு கொடுக்கும் சட்டம் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. மறக்கவில்லை என்று காட்டத்தான் அந்த ஒரு டாலர்.

சிகாகோ வாசகர்: நான் வக்கீல். பெயரைச் சொன்னாலே போதும், டாலர் தேவையில்லை. தேவையில்லாததை எழுதினால் அது கோபம்தான்.

பதில்: சட்டம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் பழைய உயில்களை வக்கீல் மட்டுமா எழுதினார்? பக்கத்து வீட்டுக்காரரும் பள்ளி ஆசிரியரும் எழுதினார்கள். ஒரு ஷில்லிங் எழுதும் வழக்கத்தை இங்கிலாந்துச் சட்டமும் கேட்டதில்லை, இருந்தும் மக்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பாஸ்டன் வாசகி: மூத்த மகன் பிராட்டஸ்டன்ட் பெண்ணைக் கட்டியதால் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

பதில்: அப்படியானால் கல்யாணத் தேதியையும் உயில் தேதியையும் பக்கத்தில் வையுங்கள். உயில் முந்தியது என்றால் அந்தக் கதை நிற்காது. கவுண்டி பத்திரப் பதிவில் அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கு நிலம் மாறியிருக்கிறதா பாருங்கள். 1880 சென்சஸில் மகன் அடுத்த வீட்டில் இருந்தாரா என்பதையும் பாருங்கள். கேஸ் கட்டு முழுவதையும் வாங்குங்கள். உயிலை எதிர்த்து மகன் வழக்காடியிருந்தால் அதற்குள்ளேயே இருக்கும்.