கிணறு பக்கத்தில் இருந்தும் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை?

தீயணைப்பு வண்டியின் பம்ப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன, சிலவற்றில் நல்ல கோபமும் இருந்தது. பல வருடம் பம்ப் பேனல் முன்னால் நின்றவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டு வைக்கோல்போர் எரிந்தபோது தீயணைப்பு வண்டி வந்தது. தண்ணீர் தீர்ந்ததும் எங்கேயோ போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள், அதற்குள் போர் முழுக்கச் சாம்பல். இருபது அடி தள்ளி நிறையத் தண்ணீரோடு ஒரு கிணறு இருந்தது. பம்ப் இருக்கிற வண்டிதானே, ஏன் அதிலிருந்து எடுக்கவில்லை? – ஒரு வாசகர், மேலூர்

உங்கள் கோபம் நியாயமானது. ஒரு வருடத்து மாட்டுத் தீவனம் கண்ணெதிரே எரிந்தால் யாருக்கும் வயிறு எரியும். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நாம் செய்வது ஸ்ட்ராவுக்குள் இருக்கிற காற்றை எடுப்பது மட்டும்தான். வெளியே இருக்கிற காற்றுதான் இளநீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. வண்டி கிணற்றிலோ குளத்திலோ தண்ணீர் எடுப்பதும் இதே மாதிரிதான். அந்தக் காற்றழுத்தத்தால் கடல் மட்டத்தில் அதிகபட்சம் 10.3 மீட்டர், அதாவது 34 அடிக்குத்தான் தண்ணீரைத் தூக்க முடியும். அதுவும் கணக்குப்படி. ஹோஸில் உராய்வு, ஹோஸ்களை இணைக்கிற கப்ளிங்கில் சின்னச் சின்னக் கசிவு, தண்ணீரின் சூடு எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி கிடைத்தாலே பெரிய விஷயம். ஊட்டியில், 2240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் குறைவு என்பதால் கணக்குப்படியே 8 மீட்டருக்குள் முடிந்துவிடும். எவ்வளவு பெரிய இன்ஜின் பூட்டினாலும் இது மாறாது. பம்புக்குள் வந்த தண்ணீரை மேலே தள்ளுவதற்குத்தான் இன்ஜின் பலம் உதவும், கீழே கிடக்கிற தண்ணீரை பம்ப் வரைக்கும் கொண்டுவருவது காற்றின் வேலை.

விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சப்மெர்சிபிள் வருவதற்கு முன்னால் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை வைத்தது எதற்காக? கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கினார்களே, இதே கணக்குதான். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை அப்படி இறக்க வழியில்லை. அதோடு, கரை கட்டாத மண் கிணறு என்றால் அவ்வளவு எடையை விளிம்புக்குப் பக்கத்தில் நிறுத்தவே எந்த ஓட்டுநரும் பயப்படுவார், பயப்படத்தான் வேண்டும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிணற்றில் மோட்டார் இருந்து, கரண்டும் இருந்தால், வண்டி வந்து நின்ற முதல் நிமிடத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். டாங்க் மூடியைத் திறந்து உங்கள் பைப்பை அதில் விட்டால், தண்ணீருக்காக வண்டி அந்த இடத்தை விட்டு அநேகமாக நகர வேண்டியிருக்காது. தீ பிடித்த இடத்துக்கு மேலே போகிற லைனை அணைத்திருப்பார்கள், மோட்டாருக்கு அதே லைன்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ரூம் சாவியைத் தேடி ஊரே ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். ஊருணி, கண்மாய் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, தண்ணீர் கைக்கு எட்டுகிற ஆழத்தில்தான் இருக்கும். ஆனால் வண்டி கரை வரைக்கும் வர வேண்டுமே! கருவேலம் மண்டிக் கிடந்தால் எப்படி வரும்?

கேள்வி: தீ எரியும்போது ஒருவர் மட்டும் வண்டி பக்கத்திலேயே நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரும் போய் ஹோஸ் பிடிக்கக் கூடாதா? – கல்லூரி மாணவி, திருச்சி

அந்த ஒருவராகத்தான் நான் நின்றேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹோஸின் நுனியில் நாசில் பிடிப்பவர் புகைக்குள் இருக்கிறார். வண்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. 4500 லிட்டர் டாங்க் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்கப் பெரிதாக இருக்கும். 20 மில்லிமீட்டர் வாயுள்ள நாசிலில் 7 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம்) கொடுத்தால் நிமிடத்துக்கு 700 லிட்டர் போகும், ஆறரை நிமிடத்தில் டாங்க் காலி. அதே அழுத்தத்தில் 12.5 மில்லிமீட்டர் நாசில் போட்டால் பதினாறு நிமிடம் வரும். எந்த நாசில், எவ்வளவு அழுத்தம், அடுத்த தண்ணீர் எங்கிருந்து வரும் என்கிற கணக்கெல்லாம் பம்ப் பக்கம் நிற்பவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், உள்ளே இருப்பவர் கையில் வெறும் ஹோஸோடு தீக்கு நேராக நிற்பார். இதற்கு மேல் என்ன சொல்ல?

இன்னொன்று, தண்ணீர் முன்னால் பாயும்போது நாசில் பின்னால் தள்ளும். நான் சொன்ன 20 மில்லிமீட்டர், 7 பார் கணக்கில் அந்தத் தள்ளு கிட்டத்தட்ட 45 கிலோ. இரண்டு பேர் உடம்பைச் சாய்த்துத் தாங்குகிற விசை அது. மூன்றாவது மாடியில், ஈரமான படிக்கட்டில் அப்படி நிற்பவர்கள் மேல் நான் கீழே த்ராட்டிலை, அதாவது இன்ஜின் வேகத்தைச் சடாரென்று ஏற்றினால் ஆள் விழுவான். கையை விட்டு நழுவிய நாசில் சாட்டை மாதிரி அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் தலையில் பட்டால் அவ்வளவுதான். அதனால் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம், வால்வையும் மெதுவாகத்தான் மூடுவோம். ஜனங்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருப்பார்கள், அது காதில் விழும், ஆனாலும் கை மெதுவாகத்தான் நகர வேண்டும்.

மேலே இருப்பவர் நாசிலை மூடிவிட்டு உள்ளே தேடப் போனால் பம்ப் சும்மா இருக்குமா? ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் பம்புக்குள்ளேயே சுழன்று சூடேறும், கவனிக்காமல் விட்டால் தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் போய்விடும். கொஞ்சம் தண்ணீரை டாங்க்குக்கே திருப்பி ஓடவிட வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு அவர் ஹோஸ் பிடிக்கப் போக முடியாது.

கேள்வி: கடல் தண்ணீரை எடுக்கலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

தாராளமாக எடுக்கலாம், உப்புத் தண்ணீரிலும் தீ அணையும். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் பம்ப், ஹோஸ், டாங்க் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துருதான். ஃபோம் அடித்த பிறகும் இதே கழுவல் உண்டு.

கேள்வி: பயிற்சியில் இருக்கிறேன். சில நாள் பிரைமர் போட்டால் மீட்டர் ஊசி வெற்றிடம் காட்டுகிறது, தண்ணீர் வருவதில்லை. சில நாள் ஊசியே நகர்வதில்லை. எங்கே பார்ப்பது? – பெயர், ஊர் வேண்டாம்

தம்பி, நல்ல கேள்வி, கேட்டதற்குச் சந்தோஷம். நம் பம்ப் தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுகிற வகை. காற்று லேசானது என்பதால் அதை அப்படி வீசி வெளியேற்ற முடியாது. அதனால்தான் தண்ணீரை உள்ளே எடுக்கிற சக்ஷன் ஹோஸில் இருக்கிற காற்றை எடுக்கத் தனியாக பிரைமர் வைத்திருக்கிறார்கள்.

ஊசியே நகரவில்லை என்றால் எங்கேயோ காற்று உள்ளே புகுகிறது. முதலில் தண்ணீர் வெளியே போகிற டெலிவரி வால்வும், மிச்சத் தண்ணீரை வடிக்கிற ட்ரெய்ன் காக்கும் மூடியிருக்கிறதா பார். அப்புறம் கப்ளிங் வாஷர். பத்தில் எட்டு தடவை வாஷர்தான் என்று என் அனுபவம் சொல்லும், வாஷர் இல்லாமலே மாட்டிய கப்ளிங்கையும் பார்த்திருக்கிறேன். ஹோஸ் நுனியில் இருக்கிற சல்லடை, அதாவது ஸ்ட்ரெய்னர், தண்ணீருக்குள் முழுக்க முங்கியிருக்க வேண்டும். மேலே குறைந்தது இரண்டு அடி தண்ணீர் இல்லாவிட்டால் சுழி விழுந்து அது வழியாகக் காற்று போகும். ஆனால் அடிச் சேற்றிலும் படக் கூடாது, கயிறு கட்டித் தொங்கவிடு.

ஊசி ஏறியும் தண்ணீர் வரவில்லை என்றால் அது வேறு கதை. மீட்டர் காட்டுகிற ஒரு அங்குல (பாதரச அளவு) வெற்றிடத்துக்குத் தண்ணீர் ஒரு அடிக்குச் சற்று மேல் ஏறும், இதை மனதில் வைத்துக்கொள். தண்ணீர் பத்தடியில் இருந்தால் ஊசி ஒன்பது அங்குலத்துக்கு வந்ததும் தண்ணீர் வந்துவிட வேண்டும். வராமல் ஊசி இருபதுக்குப் போகிறதா, ஸ்ட்ரெய்னரில் பாசியோ பாலிதீன் பையோ அடைத்திருக்கிறது. அடைப்பே இல்லை என்றால் ஹோஸின் உள் ரப்பர் பிரிந்து வழியை மூடியிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தண்ணீர் ஓடும்போது பம்புக்குள் சரளைக்கல் உருள்கிற மாதிரி சத்தம் கேட்டால், உள்ளே வருவதைவிட அதிகமாக வெளியே கேட்கிறாய் என்று அர்த்தம். உடனே த்ராட்டிலைக் குறை. அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் உள்ளே தண்ணீரைச் சுழற்றி வீசுகிற இம்பெல்லர் அரித்துப்போகும்.

காலையில் வண்டி பார்க்கும்போது சக்ஷன் வாயை மூடிபோட்டு மூடி, பிரைமர் போட்டு, ஊசி ஏறியதும் பிரைமரை நிறுத்திவிட்டு ஊசி இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார். கசிவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஏப்ரல் 14-ஐத் தீயணைப்பு நாளாகக் கொண்டாடுவது ஏன்? – பள்ளி மாணவர், விருதுநகர்

1944-ல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன. அணைக்கப் போய் நின்றபோதே கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கொண்டாட்டம் என்று சொல்ல மாட்டேன் தம்பி, அது அவர்களை நினைக்கிற நாள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் பன்னிரண்டு மாடி. கீழே நிற்கிற வண்டியிலிருந்து மேலே தண்ணீர் ஏறுமா? – சென்னை வாசகி

ஏறும். உயரம் பத்து மீட்டருக்கு ஒரு பார் போகும். பன்னிரண்டாவது மாடி 36 மீட்டர் என்றால் 3.6 பார், நாசிலுக்கு 4, குழாய் உராய்வுக்கு ஒன்று, ஆக ஒன்பதுக்குப் பக்கத்தில் வேண்டும். பாயும் தண்ணீரின் அளவைக் குறைத்துக்கொண்டால் பம்ப் அதைத் தரும். ஆனால் அத்தனை மாடிக்கும் ஹோஸை இழுத்துக்கொண்டு ஏற மாட்டார்கள். உங்கள் கட்டடத்தின் சுவரை ஒட்டித் தரைமட்டத்தில் சிவப்பு மூடி போட்ட ஒரு இன்லெட் இருக்கும், அதில் வண்டியின் ஹோஸை மாட்டினால் கட்டடத்துக்குள் மேலே ஏறுகிற ரைசர் பைப் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் போகும். இன்றைக்குச் சாயங்காலம் கீழே இறங்கி அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதன் முன்னால் யாருடைய பைக் நிற்கிறது என்றும் பாருங்கள்.