ஊசியிலை நீர் கனமாக இருந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று பொருளா?

கேள்வி: ஒரே பைன் மரத்தில் நண்பகலிலும், மூடுபனி கவிந்த ஓர் இரவிலும் ஊசியிலைகளையும் கிளைத்துண்டுகளையும் எடுத்தேன். ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) கடல்நீர்த் தரஅளவைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பது, ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில், கிளை நீரில் இரு வேளையும் −8. இலை நீரில் பகலில் +7, இரவில் −5. அந்த இரவின் நீராவியில் −15. மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுசென்ற தரகர், அவை கெட்டுவிட்டதாகச் சொல்லி மறுபரிசோதனைக்குப் பணம் கேட்கிறார். கார்பன் டை ஆக்சைடு கலந்து எண்கள் மாறியிருக்குமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள், உங்கள் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வேர் உறிஞ்சிய நீர் கிளைவரை மாறாமல் வருகிறது. இலைக்குள் வந்த பிறகுதான் ஆக்சிஜன்-16 கொண்ட இலேசான மூலக்கூறுகள் இலைத்துளை வழியே முந்திக்கொண்டு வெளியேற, கனமானவை பின்தங்கிச் சேர்கின்றன. காற்றின் ஈரப்பதம் பாதியளவே இருக்கும் நண்பகலில், இலை நீர் கிளை நீரைவிட 15 அலகு கனமாக இருப்பதில் வியப்பில்லை.

இரவு எண்தான் பலரைக் குழப்புகிறது. இலைத்துளையில் நீராவி வெளியே போவதோடு உள்ளேயும் வருகிறது. காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது போவதும் வருவதும் சமமாகிவிடுவதால், போதிய நேரம் கிடைத்தால் இலை நீர் வேர் நீரின் அடையாளத்தை இழந்து, வெளி நீராவியைவிடச் சுமார் 10 அலகு கனமான நிலையில் அமர்கிறது. −15உடன் 10ஐக் கூட்டுங்கள்: −5. ஆனால் எல்லா மூடுபனி இரவிலும் இதையே எதிர்பார்க்காதீர்கள். துளைகள் இறுக மூடியிருந்தால் பரிமாற்றம் மந்தமாகி, பகல் எண்ணின் எச்சம் விடியும்வரை நீடிக்கலாம். துளைகள் ஓரளவு திறந்திருந்ததால்தான் உங்கள் மரம் அந்த நிலையை எட்டியது.

கார்பன் டை ஆக்சைடு பற்றிய கவலையை விடுங்கள். அது இலை நீரோடு ஆக்சிஜனை மாற்றிக்கொண்டு, பெரும்பங்கு காற்றுக்கே திரும்புகிறது. நீரின் அளவு மிக அதிகம் என்பதால் மாறுவது வாயுதானே தவிர, நீர் அல்ல.

தரகர்களிடம்தான் எச்சரிக்கை தேவை. வாய் மடித்த பிளாஸ்டிக் பையில் ஊசியிலைகளை நாள்கணக்கில் வைத்திருந்துவிட்டு, பழியை மரத்தின் மேல் போடுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். மூடி கசிந்தால் மாதிரி கனமாகத்தான் ஆகும், இலேசாகாது; உங்கள் கிளை நீரோ இரு முறையும் −8இலேயே நிற்கிறது. குப்பியின் எடையை அனுப்பும் முன்பும் ஆய்வகத்தில் திறக்கும் முன்பும் குறித்தார்களா என்று கேளுங்கள்.

முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிட்டுத் தரும் அறிக்கைகளை ஆய்வகங்கள் இன்னும் எப்படி அனுமதிக்கின்றன என்பது எனக்குப் புரியவில்லை. லேசர் கருவியில் அளந்திருந்தால், இலையிலிருந்து நீரோடு வந்த மெத்தனால் போன்ற கரிமச் சேர்மங்கள் அளவீட்டைத் திரிக்கக்கூடும். அதற்கான சோதனை நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை மீதமுள்ள ஊசியிலைகளைக் காற்றுப்புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து, உறைநிலையில் உங்களிடமே வைத்திருங்கள்.