வந்தாறுமூலையில் காணி, கட்டாரில் ஆள்

கட்டாரில் வேலை செய்யும் களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட 20 பேர்ச் காணி ஒன்றின் விளம்பரத்தை இணையத்தில் பார்த்தாராம். வாங்கி, மாணவர்களுக்கு வாடகை அறைகள் கட்டுவது எண்ணம். "பேர்மிற் (அரச அனுமதிப்பத்திர) காணிதான், ஆனால் பிரச்சினை ஒன்றும் இல்லை" என்கிறார் தரகர். வேறு ஆட்களும் கேட்கிறார்களாம். இந்தக் கிழமைக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் வேண்டுமாம். தம்பிக்கு லீவு கிடைக்க ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் இணையத்திலேயே சரிபார்க்க முடியுமா?

முடியாது தம்பி. காணி எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதை இணையம் ஓரளவு காட்டும். யாருடையது என்பதைக் காட்டாது.

விலையைப் பார்க்கலாம். இக்மன், லங்கா புரொப்பர்ட்டி வெப் போன்ற தளங்களில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. ஒரே காணியை ஒரே படத்துடன் இரண்டு மூன்று தரகர் வெவ்வேறு விலைக்குப் போட்டிருந்தால் பேரம் பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. காணி உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) எழுதிய தொகையையும் அப்படியே நம்பாதீர்கள். முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்பதால் அங்கே குறைத்து எழுதப் பார்ப்பார்கள்.

கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பாருங்கள். மாரியில் இங்கே வானம் மூடிக்கிடப்பதால் தெளிவான படங்கள் பெரும்பாலும் கோடையில் எடுத்தவை. வெள்ளம் நிற்கும் நிலமும் அதில் நல்ல மேட்டு நிலம் போலத் தெரியும். ஆகவே தண்ணீரைத் தேடாமல் வரம்புக் கோடுகளைத் தேடுங்கள். வரம்பு இருந்தால் அது வயல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. அறைகள் கட்டும் கதை அதோடு சரி. காணி சுவீகரிப்பு அறிவித்தல்கள் வர்த்தமானியில் வரும், அதையும் இணையத்தில் தேடலாம்.

அப்புறம் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு. ஒரு காணியில் யார் யாருக்கு விற்றார், ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பெற்றோருக்குச் சீவிய உரித்து வைத்து மகளுக்குச் சீதனமாக எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் காணிக் கந்தோர்த் தோம்பில்தான் கிடக்கும். பழைய தோம்புகளை எல்லாம் கட்டாரிலிருந்து புரட்டிப் பார்க்கும் வசதி இன்னும் வரவில்லை. வரும் வரும் என்று கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கக்கூடிய பொது ஆவணம்தான் அது. ஆனாலும் ஒரு ஆள் நேரே போய் நிற்க வேண்டும்.

அந்த ஆள் தரகர் பிடித்துத் தரும் ஆளாக இருக்கக் கூடாது. நானும் உறுதி எழுதும் நொத்தாரிசுதான், அதனால் எங்கள் தொழிலைப் பற்றியே சொல்கிறேன். உறுதி எழுதுமுன் தோம்பைத் தேட வேண்டியது நொத்தாரிசின் கடமை. ஆனால் தேடல் வேண்டாம் என்று தரப்பினர் எழுதிக் கொடுத்தால் அவர் தேடாமலே முடிக்கலாம். அதை உறுதியின் அடியில் ஒரு குறிப்பாக எழுதிவிடுவார். நீட்டிய இடத்தில் ஒப்பம் வைத்துவிட்டு, பிறகு அந்தக் குறிப்பை என்னிடம் கொண்டுவந்து அர்த்தம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பதிவில் பிந்துவதும் ஆபத்து: அதே காணியைக் காசு கொடுத்து வாங்கிய இன்னொருவர் உங்களுக்கு முந்திப் பதிந்தால், சட்டம் அவர் பக்கம்தான் சாயும்.

இனி உங்கள் 'பேர்மிற்' விடயம். அது அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. தரகர்கள் இதற்கு அற்றோணித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் செயற்படும் அதிகாரப் பத்திரம்) என்பார்கள், சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதும் வாக்குமூலம்) என்பார்கள். அற்றோணி கொடுத்தவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும். சத்தியக்கடதாசி காணியைக் கைமாற்றாது.

ஒரு வழி உண்டு. பேர்மிற் பிறகு அளிப்புப் பத்திரமாக மாறியிருக்கலாம். சுவர்ணபூமி, ஜெயபூமி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படியான காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதத்துடன் விற்கலாம். ஆனால் சம்மதம் உறுதி முடிக்க முன்னர் கிடைத்திருக்க வேண்டும், பிறகு வாங்கித் தருகிறோம் என்ற பேச்சு உதவாது. அத்தோடு, இந்த அளவுக்குக் குறையப் பிரிக்கக் கூடாது என்று அளிப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கும். இரண்டு ரூட் (80 பேர்ச்) காணியில் 20 பேர்ச்சை வெட்டித் தருகிறார்களென்றால் மாட்டுவது அங்கேதான். சம்மதக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாலும் அதன் இலக்கத்தைக் கந்தோரில் ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

ஆகவே இப்போதைக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். பேர்மிற்றின் அல்லது அளிப்பின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும், நில அளவைப் படத்தையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பிரதியைக் கொடுத்து மச்சானையோ அக்காவையோ செங்கலடியில் உள்ள ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு அனுப்புங்கள். முதல் தடவையில் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் கதிரையில் இருக்க மாட்டார். இரண்டாம் தடவைக்கும் சேர்த்து பஸ் காசு கொடுத்து விடுங்கள்.