91 வயதில் ஒப்பரேசன் தாங்குமா?

என்பு முறிவு வாட்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: சிஸ்டர், அம்மம்மாவுக்கு 91 வயது. உவர்மலையில் எங்களோடுதான் இருக்கிறா. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா. 'தொடை எலும்பின் கழுத்து முறிஞ்சு விலகியிருக்கு, ஒப்பரேசன் செய்யவேணும்' என்று டொக்டர் சொல்கிறார். கனடா மாமாவோ, 'இந்த வயசில கத்தி வைச்சா மேசையிலயே போயிடுவா, முறிவு வைத்தியரிட்ட எண்ணெய்க் கட்டுப் போடுங்கோ' என்கிறார். விழும்வரை வெள்ளிக்கிழமைகளில் ஓட்டோவில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய், தடியோடு உள்வீதியைத் தானே சுற்றி வந்தவ. பிரஷர் குளிசையும் அஸ்பிரினும் குடிக்கிறா. ஒப்பரேசன் செய்தால் எவ்வளவு காலம் இருப்பா?
– பேத்தி, திருகோணமலை

பதில்: பிள்ளை, மாமா பயப்படுகிற மேசைச் சாவு மிக அரிது. முதியவர்களைக் கொண்டுபோவது பிறகு வரும் கிழமைகள்தான். நியூமோனியா, படுக்கைப் புண், சலத்தில் கிருமி, காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்கு ஏறுவது என்று எல்லாம் படுத்துக் கிடக்கிறவரைத் தேடி வரும். ஆளைக் கட்டிலை விட்டு எழுப்பத்தான் ஒப்பரேசனே.

கேட்ட கணக்கையும் சொல்கிறேன். பல நாட்டுப் பதிவுகளின்படி, இடுப்பு முறிந்த (தொடை எலும்பின் கழுத்து முறிவதும் இதில்தான் சேரும்) முதியவர்களில் 100க்கு 6 முதல் 10 பேர் ஒரு மாதத்துக்குள் காலமாகிறார்கள். ஒரு வருடத்துக்குள் 20 முதல் 30 பேர். 90ஐத் தாண்டியவர்களில் இன்னும் கூட. பூசி மெழுகி ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆனால் நான் வயதைக் கேட்கமுதல் வேறொன்றைக் கேட்பேன்: விழுவதற்கு முதல் கிழமை ஆள் எப்படி இருந்தா? தானே கக்கூசுக்குப் போனாவா, ஆட்களை மட்டுக்கட்டினாவா, இரத்தம், கிட்னி, இதயம் எப்படி? கோவில் வீதி சுற்றிய 91ஐ, வருடக்கணக்காகக் கட்டிலில் கிடந்த 80ஐ விட நான் நம்புவேன்.

முறிவு வைத்தியரை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் கட்டி நேராக வந்த கைகளைக் கண்டிருக்கிறேன். இது வேறு முறிவு. தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தோடு ஒட்டித்தான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் தலை பட்டுப்போகலாம். வெளியே போடும் எந்தக் கட்டும் அதைப் பிடித்து வைக்காது. அதனால்தான் அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்கிறார்கள்.

நோவையும் யோசியுங்கோ. ஒப்பரேசன் செய்யாமல் விட்ட ஒரு கிழவிக்கு பெட்பான் வைக்க இரண்டு பேர் சேர்ந்து இடுப்பைத் தூக்கும்போது அவ போடுகிற சத்தத்தை மாமா ஒருநாள் கேட்டிருந்தால் எண்ணெய்க் கட்டுக் கதை வந்திருக்காது.

அட்டமி, நவமி பார்த்து நாளைக் கடத்தவேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோ மறுநாளோ செய்யவேண்டும் என்பது இங்கிலாந்தின் வழிகாட்டல். அஸ்பிரினுக்காகப் பிந்தத் தேவையில்லை. இரத்தம் கட்டாமல் இருக்கக் குடுக்கும் வோர்ஃபரின் போன்றது குடித்தால் மட்டும் உடனே சொல்லவேண்டும். முழு மயக்கமா, முதுகில் ஊசியா என்று வீட்டில் பட்டிமன்றம் வைக்காதேங்கோ. 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 60 நாள் முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒப்பரேசன் வேண்டாம் என்று நானே சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே படுக்கையாய், நினைவு மங்கி, போகிற காலத்தில் இருப்பவர்கள். நெதர்லாந்தில் அப்படித் தளர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. ஒப்பரேசனைத் தவிர்த்தவர்களில் 100க்கு 80க்கு மேல் ஒரு மாதத்துக்குள் காலமானார்கள். ஆனால் நோவைப் பார்த்து நன்றாகப் பராமரித்ததில், இருந்த நாட்கள் மற்றவர்களுடையதை விட மோசமாக இருக்கவில்லை. உங்கள் அம்மம்மா அந்த வகையில்லை.

மறுநாளே கதிரையில் இருத்துவார்கள், பிசியோ வந்து வோக்கரோடு நிற்க வைப்பா. 'பாவம், படுக்கட்டும்' என்று குறுக்கே நிற்கிற மகள்மார்தான் எனக்கு எப்போதும் தலையிடி. வெறும் கஞ்சியோடு விடாமல் முட்டை, பருப்பு, முள்ளெடுத்த பாரை மீன் என்று கொடுங்கோ. குதிக்கால் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கோ. சிவந்தால் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் விடுங்கோ. பழைய நடை முழுதாகத் திரும்புவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். கொமோட் கதிரை ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கோ.

கேள்வி: வாப்பாவுக்கு 88 வயது, கடல் தொழில் செய்தவர். இடுப்பு ஒப்பரேசன் நல்லா முடிஞ்சது எண்டாங்க. ஆனா ராவானா 'வலையை எடு, தோணி போகுது' எண்டு கட்டிலால இறங்கப் பாக்கிறார். உம்மாவையே தெரியல்ல. மூளை குழம்பிட்டா?
– மகன், கிண்ணியா

பதில்: தம்பி, இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு வயதானவர்களில் கனபேருக்கு இப்படி வரும். அநேகமாக நாட்களில் தெளியும், சிலருக்குக் கிழமைகள் எடுக்கும். அதற்காக 'வயசுதானே' என்று விடக்கூடாது. சலம் அடைத்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம், நெஞ்சில் சளி, உடம்பில் உப்புக் குறைவு, அடங்காத நோவு, புதுக் குளிசை என்று எதுவும் காரணமாகலாம். இன்றைக்கே வாட்டு மிஸ்ஸிடம் சொல்லி டொக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.

வாப்பாவின் கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டு அலுமாரியில் இருந்தால் கொண்டுபோய் மாட்டிவிடுங்க. பகலில் யன்னலோரம் இருத்துங்க. பத்துப் பேர் சுற்றி நிற்காமல் பழகின முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். தோணி இல்லை என்று வாதாடாமல், 'இது ஆஸ்பத்திரி வாப்பா, நான் உங்க மகன்' என்று மெதுவாகச் சொல்லுங்க. கட்டிப் போடச் சொல்லவேண்டாம், கட்டினால் இன்னும் வெறி கூடும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் எலும்புத் தேய்வு மருந்தைப் பற்றியும் கேளுங்க. முறிவுக்குப் பிறகு வருடம் ஒருமுறை சொலெட்ரோனிக் அசிட் ஏற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வில் மறுபடி முறிவதும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. கிட்னி ரிப்போட்டையும் விற்றமின் டி அளவையும் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், ஆகவே கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்க.